கால் அமுக்குகிறவளின் கால்

திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா வரிசையாகக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். சமீபத்தில் ஆபரேஷன் ஏதும் நடந்ததா? இல்லை. ரொம்ப நேரம் உட்கார்ந்தபடியே பயணம் செய்தீர்களா? ஆமாம், ஒரு கல்யாணத்துக்காகச் சென்னைக்குப் பஸ்ஸில் போய்வந்தேன். ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ஆமாம், மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகிறது என்று ஒரு மாதமாக ஹார்மோன் மாத்திரை. கடைசியாக ஒன்று கேட்டார்.

"கால் வலிக்குதுன்னு யாராவது அமுக்கிவிட்டாங்களா? எண்ணெய் போட்டுத் தேய்ச்சாங்களா?"

என் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இருந்தது. இல்லை என்று தலையை ஆட்டினேன். பக்கத்தில் நின்ற என் மகள் பவித்ரா திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் சொன்னது பொய். அமுக்கியது நானேதான். கோவில்பட்டியில் கால் அமுக்குவதுதான் என் தொழில்.

இப்போது உடம்பு தேறிவிட்டது. ஊரில் என்னைப் பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. காலை அமுக்கி அமுக்கியே ஈஸ்வரி சாகக் கிடந்தாள் என்பது ஒன்று. அந்த வைத்தியம் தெரிந்திருந்ததால்தான் ஈஸ்வரி பிழைத்தாள் என்பது மற்றொன்று. இரண்டையும் என்னிடமே வந்து சொல்கிறார்கள். நான் இரண்டுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அது சரியில்லை என்று தோன்றியதால் நடந்ததை எழுதுகிறேன்.

பாத்திரக்கடை ஒன்றின் மாடியில் என் இடம். இரண்டு சாய்வு நாற்காலிகள், வெந்நீருக்கு இரண்டு பிளாஸ்டிக் டப், நல்லெண்ணெய், முனை மழுங்கிய ஒரு மரக்குச்சி. சுவரில் இரண்டு பாதங்களின் பெரிய படம். போர்டில் ரிஃப்ளெக்சாலஜி என்று இருந்தாலும் வருகிறவர்களுக்கு அது கால் வைத்தியம்தான். உடம்பின் ஒவ்வொரு உறுப்புக்கும் பாதத்தில் ஓர் இடம் உண்டு, அந்த இடத்தை அழுத்தினால் உறுப்பு சீராகும் என்று எனக்குச் சொல்லித்தந்தார்கள். கட்டைவிரல் நுனி தலைக்கு. விரல்களுக்குக் கீழே மேடாக இருப்பது நுரையீரலுக்கு. நடுப்பள்ளம் வயிற்றுக்கு. மதுரையில் மூன்று மாதம் படித்தேன், எட்டு வருடமாகச் செய்கிறேன்.

தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலையில் நாள் முழுக்க நிற்கிற பெண்கள் வருவார்கள். கடைக்கார அண்ணாச்சிகள் வருவார்கள். நாகலாபுரம் பக்கமிருந்து உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிற சம்சாரிகள் பஸ் ஏறி வருவார்கள். மழைக்காலத்தில் அவர்கள் குதிகால் வெடிப்புக்குள் கரிசல் மண் ஏறியிருக்கும், வெந்நீரில் எவ்வளவு ஊறினாலும் அந்தக் கறுப்பு விடாது. கால் மணி நேரம் அமுக்கினால் போதும், முக்கால்வாசிப் பேர் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார்கள். குறட்டை விடுகிற முகங்களைப் பார்த்ததால் எனக்கு என் தொழிலில் சந்தேகமே வந்ததில்லை.

சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பினேன். திங்கட்கிழமை காலையில் வலது கெண்டைச் சதை இழுத்துப் பிடித்தது. பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்த அலுப்பு என்று நினைத்தேன். சாயங்காலம் கடையை மூடும் முன் பாதத்தில் இடுப்புக்கான இடத்தை அழுத்தினேன். பிறகு வலிக்கிற இடத்திலேயே எண்ணெய் போட்டுக் கீழிருந்து மேலாகப் பிசைந்தேன். செவ்வாய், புதன், வியாழன் என்று நான்கு நாள் செய்தேன். அமுக்கும்போது சுகமாக இருந்தது, விட்டால் வலித்தது. புதன்கிழமை வலது கால் கொலுசு இறுக்கியது. கழற்றி வைத்துவிட்டேன். இன்னொருத்திக்கு அப்படி வீங்கியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நீர் கோத்திருக்கிறது, இரண்டு தடவை அமுக்கினால் வடிந்துவிடும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை மாடிப்படி ஏறும்போது பாதியில் மூச்சு நின்றுபோனது போல ஆனது. படியிலேயே உட்கார்ந்தேன். நெஞ்சு வேகமாக அடித்தது. மூச்சை உள்ளே இழுத்தால் வலது விலாவில் கத்தி குத்துவது போல இருந்தது. அப்போது நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் படியிலேயே விரல்களுக்குக் கீழே இருக்கும் நுரையீரல் மேட்டைப் பெருவிரலால் அழுத்தினேன். வியர்வையில் விரல் வழுக்கியது. கீழே பாத்திரக்கடைக்காரர் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரருக்குப் போன் பண்ணினார்.

என் வீட்டுக்காரர் பெயர் செண்பகராஜ். தீப்பெட்டி ஆபீஸில் லோடு வேன் ஓட்டுகிறார். வேனோடு வந்து என்னை முன்சீட்டில் ஏற்றிக் கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். விரலில் கிளிப் மாட்டிப் பார்த்த நர்ஸ் எண்பத்தெட்டு என்றார். ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு அது, தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். இதயத்துக்குப் படம் எடுத்தார்கள். காலைப் பார்த்தார்கள். உடனே திருநெல்வேலிக்கு ஆம்புலன்ஸ் சொல்லிவிட்டார்கள். அதில் பவித்ரா என் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியில் தெரிகிற ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு எவ்வளவு தூரம் மிச்சம் என்று தெரியட்டும் என்று சொன்னாளா, அவள் பயத்துக்குச் சொன்னாளா, தெரியவில்லை.

திருநெல்வேலியில் அந்த டாக்டரம்மா கேள்விகளை முடித்தபின் ஒரு தாளின் பின்பக்கம் படம் வரைந்து காட்டினார். காலின் ஆழத்தில் ஓடுகிற ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்திருக்கலாம் என்றார். அசையாமல் உட்காருவதாலும் ஹார்மோன் மாத்திரையாலும் சிலருக்கு அப்படி ஆகும். கட்டி அங்கேயே இருந்தால் கால் வீங்கி வலிக்கும். அதிலிருந்து ஒரு துண்டு கழன்றால் ரத்த ஓட்டத்தோடு மேலே போய், இதயத்தைத் தாண்டி, நுரையீரலில் அடைத்துக்கொள்ளும். பெரிய துண்டாக இருந்தால் ஆள் பிழைப்பது கஷ்டம் என்பதை அவர் சொல்லவில்லை. பவித்ரா போனில் படித்துத் தெரிந்துகொண்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

முதலில் காலுக்கு டாப்ளர் ஸ்கேன். குளிர்ந்த பசையைத் தடவி, சோப்புக்கட்டி மாதிரி ஒரு கருவியால் தொடையிலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வந்தார் ஒருவர். நல்ல குழாய் என்றால் அழுத்தும்போது நசுங்கும், அடைத்த குழாய் நசுங்காது என்று திரையைக் காட்டினார். இடது காலில் கறுப்பு வட்டம் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மூடித் திறந்தது. வலது காலில், முட்டிக்குப் பின்னால், அது அப்படியே நின்றது. எட்டு வருடம் கால்களை அழுத்தியிருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்தது நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன். கையில் மருந்து ஏற்றியதும் தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு பரவியது. படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்விட்டதோ என்று பதறினேன். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று உள்ளே ஒலிபெருக்கியில் ஒரு குரல் சொன்னது. வலது நுரையீரலில் அடைப்பு இருந்தது. நடுத்தரமானது என்று சொன்னார்கள். நடுத்தரம் என்றால் நல்லதா கெட்டதா என்று எனக்குப் புரியவில்லை, கேட்கவும் பயமாக இருந்தது.

ரத்தம் மேலும் உறையாமல் இருக்க வயிற்றுத் தோலில் காலையும் மாலையும் ஊசி போட்டார்கள். போட்ட இடமெல்லாம் நாவற்பழ நிறத்தில் கன்றியது. ஹார்மோன் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். பெண்கள் வார்டு என்பதால் பார்வை நேரம் போக மற்ற நேரத்தில் என் வீட்டுக்காரரை உள்ளே விட மாட்டார்கள். அவர் கீழே வேனை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு நேராக நிற்பார். பவித்ரா என்னைத் தாங்கி ஜன்னலோரம் உட்கார வைத்தால் கையை ஆட்டுவார். பிறகு போனில் கூப்பிட்டு, கையை ஆட்டினேனே பார்த்தாயா என்று கேட்பார். பார்வை நேரத்தில் வந்தால் என் தலையைப் பின்னிவிட முயற்சி செய்வார். லோடு கட்டுகிற கை, பின்னல் கயிறு மாதிரி இறுகிவிடும். பக்கத்துப் படுக்கைப் பெண்கள் சிரிப்பார்கள். அவருக்கு அதில் கூச்சமே இல்லை.

இரண்டாம் நாள் நாங்கள் தனியாக இருக்கும்போது பவித்ரா கேட்டாள்.

"ம்மா, ஒன் கடைல இருக்க அந்தப் படத்துல இது எங்கன இருக்கு?"

குத்திக்காட்டுகிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன். ரத்தக்கட்டுக்கு அந்தப் படத்தில் இடமே இல்லை. தூக்கம் வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது திடீரென்று ஜமீலா அக்கா ஞாபகம் வந்தது. சேலைகளுக்கு ஃபால்ஸ் தைக்கிற கடை வைத்திருக்கிறவர், மூன்று வருடமாக என்னிடம் வருகிறார். நான் விழுவதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை வந்திருந்தார். அவருக்கு இடது கால் மட்டும் வீங்கியிருந்தது. முட்டிக்குக் கீழே கெட்டியாக இருந்தது. நான் எண்ணெய் போட்டு அரை மணி நேரம் பிசைந்து, நீர்தான், திங்கட்கிழமை மறுபடி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் திங்கட்கிழமை. என் கடை பூட்டியிருந்தால் அவர் வேறு யாரிடமாவது போவார். இல்லை, வீட்டில் யாரையாவது அமுக்கச் சொல்லுவார். தட்டை நகர்த்தி வைத்தேன். அவர் போன் நம்பர் கடையில் நோட்டில்தான் இருக்கிறது. ஆள் அனுப்பலாம். ஆனால் என்னவென்று சொல்லி அனுப்புவது? ஒரு கால் மட்டும் வீங்கினால் அமுக்குவது ஆபத்து என்பது நிஜம்தானா, அல்லது நானாகப் பயப்படுகிறேனா? அதை டாக்டரம்மாவிடம்தான் கேட்க வேண்டும். கேட்டால் என் பொய் வெளியே வரும்.

அன்றைக்கு மாலை டாக்டரம்மா நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு சுற்றி வந்தபோது கேட்டேன். "மேடம், எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்காவுக்கு ஒத்தக் கால் மட்டும் வீங்கியிருக்கு. அத அமுக்கலாமா?"

வேண்டவே வேண்டாம், முதலில் ஸ்கேன் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். யார் அமுக்குவது என்று கேட்டார்.

"நான்தான். அவங்களுக்கும் அமுக்குனேன், எனக்கும் நானே அமுக்குனேன். நாலு நாளு. அன்னைக்கு நீங்க கேக்கும்போது பொய் சொல்லிட்டேன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கேஸ் ஷீட்டை வாங்கி ஒரு வரி எழுதினார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டேன். "அதனாலதான் கட்டி மேல போச்சா?"

"சொல்ல முடியாதும்மா. அமுக்காம இருந்திருந்தாலும் போயிருக்கலாம். அமுக்கினதுல பிஞ்சும் போயிருக்கலாம். எந்த ஸ்கேன்லயும் அது தெரியாது."

அவர் அடுத்த படுக்கைக்குப் போனபிறகு பவித்ரா என் போர்வையைச் சரிசெய்தாள். "நீயே சொல்லட்டும்னுதான் இருந்தேன்," என்றாள். "இன்னைக்கும் சொல்லலைனா நான் சொல்லியிருப்பேன்."

நான் சொன்னதும் என் வீட்டுக்காரர் அன்றைக்கே வேனை எடுத்துக்கொண்டு கோவில்பட்டிக்குப் போய் ஜமீலா அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார். அவருக்குப் பதமாகப் பேச வராது. உங்கள் காலில் ரத்தம் கட்டியிருக்கும், அது நெஞ்சுக்கு ஏறிவிடும், ஈஸ்வரி அப்படித்தான் கிடக்கிறாள், காலை அசைக்காதீர்கள் என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டார். அந்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்களாம். அக்கா கட்டிலில் ஏறிப் படுத்தவர்தான், விடிந்து ஸ்கேனுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவரை கால் விரலைக்கூட அசைக்கவில்லையாம்.

திங்கட்கிழமை முழுக்க எனக்குத் தகவல் இல்லை. நர்ஸ் ஊசி போட வரும்போதெல்லாம் போனைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் ஒற்றைக் கால் வீங்கி வந்தவர்கள் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்தார்கள். எட்டயபுரத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வாத்தியார் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பார் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஜமீலா அக்கா கூப்பிட்டார்.

"ஏட்டி ஈஸ்வரி, ஒன் வீட்டுக்காரர் சொன்னதக் கேட்டு எம் மவனுக்கு வசிய்யத்து வரைக்கும் சொல்லிட்டேன்," என்றார். வசிய்யத்து என்றால் சாகும் முன் சொல்லி வைக்கிற பொறுப்புகள். "கடைசியில ஒண்ணுமில்லயாம். முட்டிக்குப் பின்னால நீர்ப்பை ஒண்ணு இருக்காம், மூட்டுத் தேய்மானத்துல வாரதாம்."

ரத்தக்கட்டு இல்லை. நான் வியாழக்கிழமை நீர் என்று சொன்னது ஒரு வகையில் சரியாகவே இருந்தது. ஆனால் அது தெரிந்து சொன்னதல்ல. என் காலுக்கும் அதையேதான் சொல்லியிருந்தேன், அங்கே அது தப்பு. வெளியிலிருந்து பார்க்க இரண்டு கால்களும் ஒன்று போலத்தான் இருந்தன. சந்தோஷப்படுவதா, இன்னும் பயப்படுவதா என்று தெரியாமல் போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அக்கா திட்டுவதை நிறுத்திவிட்டார். எப்போது கடை திறப்பாய், அசையாமல் படுத்ததில் நன்றாக இருந்த வலது காலும் மரத்துப்போய்க் கிடக்கிறது என்றார்.

ஆறாம் நாள் ஆக்ஸிஜனை எடுத்துவிட்டார்கள். அன்று மதியம் வார்டு அமைதியாக இருந்தபோது, எனக்கு ஊசி போடுகிற நர்ஸ் என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். நான் கால் அமுக்குகிறவள் என்ற விஷயம் வார்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. காலையிலிருந்து நின்றது, குதிகால் விண் விண் என்று தெறிக்கிறது, கொஞ்சம் பார்ப்பீர்களா என்று தயங்கிக் கேட்டார்.

என் கை முன்னால் போகவில்லை. பிறகு அவரது இரண்டு கெண்டைச் சதைகளையும் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவு, சூடு இல்லை, வீக்கம் இல்லை. பாதத்தை மட்டும் மெதுவாக அமுக்கினேன். எந்த இடம் எந்த உறுப்புக்கு என்று நினைக்காமல் அமுக்கினேன். ஐந்து நிமிடத்தில் அவர் தலை சுவரில் சாய்ந்தது, வாய் லேசாகத் திறந்தது. கடையில் நான் பார்த்த அதே முகம். அந்தச் சுகம் பொய்யில்லை. அப்படியென்றால் நான் இத்தனை நாள் சொன்னதில் எது பொய்? அவர் விழித்ததும் கேட்டார், இது சைனஸுக்கும் நல்லதாமே என்று. நான் கையைத் துடைத்துக்கொண்டேன். யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டார்.

பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு மாதத்துக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. வெட்டுக்காயம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஈறில் ரத்தம் வந்தால் சொல்ல வேண்டும், உட்கார்ந்தே இருக்கக் கூடாது. புறப்படும்போது டாக்டரம்மாவிடம் என் தொழிலை விட்டுவிடவா என்று கேட்டேன். அது உங்கள் இஷ்டம் என்றார். அலுப்புக்கும் மன இறுக்கத்துக்கும் கால் அமுக்குவதில் தப்பில்லை, சுகம் கிடைக்கும். ஆனால் ஒற்றைக் கால் வீக்கம், சுகர்க்காரர்களின் மரத்துப்போன பாதம், காலில் புண், இதெல்லாம் வந்தால் கை வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்றார். நோயைக் குணமாக்கும் என்று மட்டும் சொல்லாதீர்கள் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் கண்டிப்பாக இருந்தது.

வீட்டில் ஒன்றரை மாதம் இருந்தேன். எட்டயபுரம் வாத்தியாரைப் பற்றி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் லோடு ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனபோது விசாரித்து வந்தார். வாத்தியார் ரிட்டயராகி மகன் வீட்டோடு போய்விட்டாராம். உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டேன். இருப்பாராக்கும் என்றார்கள், அவ்வளவுதான் தெரிந்தது. அதற்கு மேல் யாரிடம் கேட்பது?

கடையைத் திறக்கலாமா என்று ஒரு நாள் நினைப்பேன், மறுநாள் வேண்டாம் என்று நினைப்பேன். பவித்ரா திறக்க வேண்டாம் என்றாள். அவள் அப்பா, நீ இல்லாமல் ஜமீலா அக்கா காலை யார் தொட்டுப் பார்ப்பது என்று கேட்டார். இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. பரிசோதனைக்குத் திருநெல்வேலி போனபோது நுரையீரல் நன்றாக இருக்கிறது என்றார்கள். டாக்டரம்மாவிடம் மறுபடி கேட்டேன், என் கையால்தான் நடந்ததா என்று. இன்னும் எத்தனை தடவை கேட்பீர்கள் என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, எனக்கும் தெரியாதும்மா, நிஜமாகவே தெரியாது என்றார். அவ்வளவு படித்தவர் அதைத் தயங்காமல் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நின்றுகொண்டேன். கண்டக்டர் உட்காரச் சொன்னார், உட்கார்ந்து மறுபடி எழுந்தேன்.

கடைசியில் திறந்தேன். முதல் ஆளாகக் கடலைமிட்டாய்க் கடை அண்ணாச்சி ஒருவர் படியேறி வந்தார், புதியவர். வெந்நீரில் காலை நனைத்துத் துடைத்து, நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"ஏம்மா, வாரத்துக்கு ரெண்டு தடவ செஞ்சா சுகரு கொறையும்லா?"

இந்தக் கேள்விக்கு எட்டு வருடமாக என்னிடம் பதில் இருந்தது. உள்ளங்காலில் கணையத்துக்கு உரிய இடத்தைக் காட்டி, குறையும், நம்பிக்கையோடு வாருங்கள் என்பேன். வாய் அதற்கே தயாரானது.

"தெரியாது அண்ணாச்சி," என்றேன். "மாத்திரைய நிப்பாட்டிராதீக. அலுப்புக்கு நல்லாருக்கும். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

எழுந்து செருப்பைத் தேடுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"அலுப்பாத்தாம்மா இருக்கு," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டு கெண்டைச் சதைகளையும் தொட்டுப் பார்த்தேன். பாதத்தில் விரலால் தட்டி, தெரிகிறதா என்று கேட்டேன். தெரிகிறது என்றார். இடது காலிலிருந்து ஆரம்பித்தேன்.